ஈசா நபியும் கிறிஸ்துமஸும்: செட்டிநாட்டு வீடுகளில் எழும் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் பாங்கொலியும் ஆலயமணியும் ஒரே தெருவில் கேட்பது பழகிப்போன செய்தி. டிசம்பர் பிறந்துவிட்டால் மட்டும் இரு தரப்பிலிருந்தும் கேள்விகள் கிளம்பும். "நீங்களும் இயேசுவை நம்புகிறீர்களாமே, அப்படியானால் ஏன் கொண்டாடுவதில்லை?" என்று கிறிஸ்தவ நண்பர்கள் கேட்கிறார்கள். "வாழ்த்துச் சொன்னால் ஈமானுக்குக் (இறைநம்பிக்கைக்கு) கேடு வருமா, அத்தா?" என்று முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பெரும்பான்மையான சுன்னத் ஜமாஅத் முஸ்லிம்களின் நிலைப்பாட்டைத் தழுவியவை. மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் கருத்து வேறுபடும் இடங்களில் அந்த வேறுபாட்டையும், என் சொந்தக் கருத்து நுழையும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

ஈசா நபியும் கிறிஸ்தவர்கள் வணங்கும் இயேசுவும் ஒருவர்தானா?

ஒருவர்தான். மர்யமின் மகனாக, தந்தையின்றி, பனீ இஸ்ராயீல் சமூகத்தில் பிறந்து, இன்ஜீல் என்ற வேதம் அருளப்பெற்றவர் என்று குர்ஆன் குறிப்பிடுபவரும், நற்செய்தி நூல்கள் குறிப்பிடும் நாசரேத்து இயேசுவும் ஒரே மனிதரே. அவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவர் எத்தகையவர் என்பதில்தான் இரு சமயங்களும் பிரிகின்றன.

முஸ்லிம்கள் அவரை எந்த அளவுக்கு மதிக்கிறார்கள்?

ஈசா நபியை ஏற்பது முஸ்லிமின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமன்று. இறைத்தூதர்கள் அனைவரையும் நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று என்பதால், அவருடைய தூதுத்துவத்தை மறுப்பவர் முஸ்லிமாக இருக்க முடியாது. நூஹ், இப்ராஹீம், மூசா, ஈசா, முஹம்மது ஆகிய ஐவரையும் 'உலுல் அஸ்ம்' என்னும் மன உறுதி மிக்க தூதர்களின் வரிசையில் வைத்து ஆலிம்கள் போற்றுகிறார்கள். குர்ஆனில் ஈசா என்ற பெயர் 25 இடங்களில் வருகிறது. முஹம்மது என்ற பெயரோ நான்கே இடங்களில் வருகிறது. இதைக் கேட்கும் கிறிஸ்தவ நண்பர்கள் வியப்படைவதுண்டு. ஆனால் பெயர்களின் எண்ணிக்கையை வைத்து யார் உயர்ந்தவர் என்று கணக்குப் போடுவது இரு தரப்புக்கும் பயன் தராத வேலை.

நபிமார்கள் அனைவரும் ஒரு தந்தைக்கும் வெவ்வேறு தாய்மார்களுக்கும் பிறந்த சகோதரர்களைப் போன்றவர்கள் என்றும், மர்யமின் மகனுக்கு மனிதரில் மிக நெருக்கமானவர் தாமே என்றும் நபிகள் நாயகம் கூறியதாகப் புகாரி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அவர் பெயரைச் சொன்னவுடன் 'அலைஹிஸ்ஸலாம்', அதாவது அவர்மீது சாந்தி உண்டாகட்டும், என்று சேர்த்துச் சொல்வது எங்கள் வீடுகளில் சிறு வயதிலேயே பழக்கப்படுகிறது. ஈசா, யஹ்யா, மரியம் பீவி என்று பெயர் வைப்பதும் இந்தப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்களில் சாதாரணம். யாரேனும் இயேசுவைக் கேலி செய்து பேசினால், அங்கே முதலில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியவர்களில் முஸ்லிமும் ஒருவர்.

மர்யம் அம்மையாரைப் பற்றிக் குர்ஆன் என்ன சொல்கிறது?

குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான். 34 இடங்களில் அந்தப் பெயர் வருகிறது. 98 வசனங்களைக் கொண்ட 19ஆம் அத்தியாயம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் கதையை இன்னும் முன்னால் தொடங்குகிறது. இம்ரானின் மனைவி தம் வயிற்றில் உள்ள குழந்தையை இறைவனுக்கு நேர்ந்துகொள்கிறார். பிறந்ததோ பெண் குழந்தை. அக்குழந்தையை ஸகரிய்யா நபி பொறுப்பேற்று வளர்க்கிறார். அவர் மர்யமின் தொழுகை அறைக்குள் செல்லும்போதெல்லாம் அங்கே உணவு இருப்பதைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க, அல்லாஹ்விடமிருந்து வந்தது என்று அச்சிறுமி விடை சொல்கிறார்.

பிறப்பின் காட்சி மர்யம் அத்தியாயத்தில் 16ஆம் வசனம் முதல் வருகிறது. வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து நற்செய்தி சொல்கிறார்; எந்த ஆணும் என்னைத் தொடாதிருக்க எனக்கு எப்படி மகன் பிறப்பான் என்று மர்யம் கேட்கிறார். கருவுற்றபின் தொலைவான ஓரிடத்துக்கு ஒதுங்கிச் செல்கிறார். நற்செய்தி நூலில் உள்ள மாட்டுத் தொழுவமும் இடையர்களும் இங்கே இல்லை, யோசேப்பும் இல்லை. ஒரு பேரீச்ச மரத்தடியில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், பிரசவ வேதனையில் "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்று அவர் கதறுகிறார். அப்போது கவலைப்பட வேண்டாம் என்று ஒரு குரல் ஆறுதல் சொல்கிறது. காலடியில் நீரோடை ஓடுகிறது. மரத்தை உலுக்கினால் கனிந்த பேரீச்சம்பழங்கள் விழும் என்று சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணின் பிரசவ வலியை இவ்வளவு அருகிலிருந்து பேசும் பகுதிகள் வேத நூல்களில் குறைவு என்பது என் எண்ணம்.

கைக்குழந்தையோடு திரும்பி வந்தவரை ஊரார் பழிக்கிறார்கள். அவர் பேசா நோன்பு நோற்றிருப்பதால் குழந்தையைச் சுட்டிக்காட்டுகிறார். தொட்டில் குழந்தை, "நான் அல்லாஹ்வின் அடிமை; அவன் எனக்கு வேதத்தைக் கொடுத்து என்னை நபியாக ஆக்கினான்" என்று பேசுகிறது. தாயின் கற்புக்கு மகனே சாட்சி சொல்லும் இந்த இடத்தை ஓதும்போது குரல் தழுதழுக்கும் ஹஜ்ரத்துகள் உண்டு.

கருவுற்ற பெண்கள் மர்யம் சூராவை ஓதிவருவது நம் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த 'மரியம் பூ'வைப் பிரசவ நேரத்தில் தண்ணீரில் போட்டு விரியவிடும் பழக்கமும் சில குடும்பங்களில் இருக்கிறது; இதற்கு மார்க்க ஆதாரம் இல்லை, பாட்டிமார் நம்பிக்கைதான்.

தந்தையின்றிப் பிறந்தார் என்று ஒப்புக்கொண்டபின், இறைமகன் என்று ஏற்க ஏன் தயக்கம்?

தயக்கம் என்பது மென்மையான சொல், இது மறுப்பு. இதை மழுப்பிச் சொல்வது நல்லிணக்கத்துக்கு உதவாது என்பதால் நேராகவே சொல்கிறேன். அல்லாஹ் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பது நாள்தோறும் தொழுகையில் ஓதப்படும் சிறிய அத்தியாயத்தின் நடுப்பகுதி. தந்தையின்றிப் பிறந்ததே தெய்வத்தன்மைக்குச் சான்றாகுமானால், தந்தையும் தாயும் இன்றிப் படைக்கப்பட்ட ஆதமுக்கு அதைவிடப் பெரிய உரிமை உண்டாகிவிடும் என்பதே குர்ஆனின் வாதம். அல்லாஹ்விடம் ஈசாவின் நிலை ஆதமின் நிலையைப் போன்றது. மண்ணிலிருந்து படைத்து, 'ஆகு' என்றான், ஆகிவிட்டார் என்று 3ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் சொல்கிறது. தாயும் மகனும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று 5:75 நினைவூட்டுகிறது. பசிக்கு உண்பவர் படைப்பாளராக இருக்க முடியாது என்பது அதன் உட்கிடை.

அதே நேரத்தில், அல்லாஹ்வின் 'சொல்' என்றும் அவனிடமிருந்து வந்த 'ரூஹ்' (ஆவி) என்றும் அவருக்குக் குர்ஆன் சூட்டும் சிறப்புப் பெயர்கள் (4:171) வேறு நபிமார்களுக்கு இப்படி அமையவில்லை. அதே வசனம்தான் 'மூன்று' என்று சொல்லாதீர்கள் என்றும் தடுக்கிறது.

அவர் செய்த அற்புதங்களை ஏற்கிறீர்களா?

ஏற்கிறோம். பிறவிக் குருடரையும் தொழுநோயாளியையும் குணப்படுத்தியது, இறந்தவரை உயிர்ப்பித்தது, களிமண்ணில் செய்த பறவைக்கு ஊதி உயிர் கொடுத்தது ஆகியவை 3:49இலும் 5:110இலும் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றும் 'அல்லாஹ்வின் அனுமதியைக் கொண்டு' என்ற நிபந்தனையோடு வருகிறது. ஐந்தாம் அத்தியாயத்துக்கு 'மாயிதா', அதாவது உணவு விரிப்பு, என்று பெயர் வந்ததே, சீடர்கள் கேட்டதற்கிணங்க வானத்திலிருந்து உணவு இறங்க வேண்டுமென அவர் இறைஞ்சிய நிகழ்ச்சியால்தான்.

சிலுவையில் அறையப்பட்டதை முஸ்லிம்கள் ஏன் நம்புவதில்லை?

இரு சமயங்களுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய பிளவு இதுவே. அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவர்களுக்கு அவ்வாறு தோற்றமளிக்கப்பட்டது, அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்று 4:157, 158 வசனங்கள் சொல்கின்றன. வேறொருவர் மீது அவருடைய சாயல் போடப்பட்டது என்பது விரிவுரையாளர்களிடையே பரவலாக உள்ள விளக்கம். அந்த வேறொருவர் யார் என்பதில் அவர்கள் ஒருமித்துப் பேசவில்லை, குர்ஆனும் பெயர் குறிப்பிடவில்லை. சிலுவையிலிருந்து உயிர் பிழைத்துக் காஷ்மீருக்கு வந்து அங்கே இறந்தார் என்பது அஹ்மதிய்யா இயக்கத்தின் கருத்து. சுன்னத் ஜமாஅத்தினர் அதை ஏற்பதில்லை.

கிறிஸ்தவ நண்பருக்கு இது மனம் வருந்தத்தக்க செய்தியாகவே இருக்கும். பெரிய வெள்ளியன்று அவர் நினைத்து அழும் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று நாம் சொல்கிறோம். ஆகையால் அதன் பின்னணியையும் சேர்த்துச் சொல்வது நல்லது. ஆதமின் பாவம் மனிதகுலம் முழுவதன் மீதும் படிந்தது, அதைக் கழுவ ஒரு பலி தேவைப்பட்டது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆதம் மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னித்துவிட்டான் (2:37), ஒருவருடைய சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் (6:164) என்பது இஸ்லாமிய நம்பிக்கை. அந்தக் கடனே இல்லை என்று கருதுகிறவர்களுக்கு அதைத் தீர்க்கும் மரணமும் தேவைப்படுவதில்லை. இந்த வேறுபாட்டைத் தேநீர்க்கடை பெஞ்சில் தீர்த்துவிட முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றி வாதம் செய்யாதீர்கள் என்று 29:46 கட்டளையிடுவதும் இதற்காகத்தான்.

அவர் மீண்டும் வருவார் என்று நம்புகிறீர்களா?

ஆம். இறுதிக் காலத்தில், டமாஸ்கஸ் நகரின் கிழக்கே வெண்ணிற மினாரா அருகே, இரு வானவர்களின் இறக்கைகள் மீது கை வைத்தவாறு அவர் இறங்குவார், தஜ்ஜால் என்னும் பெரும் பொய்யனை வீழ்த்துவார், நீதியோடு ஆள்வார் என்று 'முஸ்லிம்' என்ற நூல் தொகுப்பிலுள்ள ஹதீஸ்கள் சொல்கின்றன. அதன்பின் எல்லா மனிதரையும் போல அவரும் மரணமடைவார்.

டிசம்பர் 25தான் அவர் பிறந்த நாளா?

குர்ஆன் நாளோ மாதமோ சொல்லவில்லை. நற்செய்தி நூல்களிலும் தேதி கிடையாது. பிறப்பின் வரலாற்றைச் சொல்பவை மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே. ரோமில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் டிசம்பர் 25 என்ற குறிப்பு காணப்படுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்யத் திருச்சபை இன்று நாம் சொல்லும் ஜனவரி 7ஆம் தேதியன்று கொண்டாடுகிறது. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6ஆம் தேதியன்று கொண்டாடுகிறது. இதையெல்லாம் கிறிஸ்தவ அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள்.

நம் மேடைப் பேச்சாளர்கள் சிலர், மர்யமுக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது, பேரீச்சை பழுப்பது கோடையில், ஆகவே பிறப்பு டிசம்பரில் இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கு இந்த வாதம் பிடிப்பதில்லை. அந்த வசனம் ஓர் அற்புதத்தைச் சொல்கிறது. பச்சிளங்குழந்தை பேசுகிற இடத்தில், பருவம் தவறி மரம் காய்ப்பது என்ன பெரிய தடை? மேலும், நாம் கொண்டாடாததற்குக் காரணம் தேதியின் ஐயப்பாடு என்று காட்டினால், சரியான தேதி தெரிந்தால் கொண்டாடுவோம் என்றாகிவிடும்.

அப்படியானால் கொண்டாடாததற்கு உண்மையான காரணம் என்ன?

பெருநாள் என்பது வணக்கத்தின் பகுதி என்றும், அதை மனிதர்கள் தாமாக ஏற்படுத்திக்கொள்ள முடியாது என்றும் இஸ்லாமியச் சட்டம் கருதுகிறது. நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூரார் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடி வந்தார்கள். அவற்றைவிடச் சிறந்த இரண்டை அல்லாஹ் உங்களுக்கு மாற்றாகத் தந்திருக்கிறான், ஹஜ்ஜுப் பெருநாளும் நோன்புப் பெருநாளும், என்று நபிகள் நாயகம் சொன்னதாக அபூதாவூத் தொகுப்பில் ஹதீஸ் உள்ளது. ஈசா நபிக்கு மட்டுமல்லாமல், இப்ராஹீமுக்கோ மூசாவுக்கோ கூடப் பிறந்தநாள் பெருநாள் கிடையாது.

முஹம்மது நபியின் பிறந்தநாளைக் கொண்டாடுவதிலேயே முஸ்லிம்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரபீஉல் அவ்வல் மாதத்தில் மவ்லித் ஓதி, நெய்ச்சோறு ஆக்கிக் கொடுக்கும் ஊர்களும் உண்டு; அது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புது வழக்கம்) என்று ஒதுக்கும் தவ்ஹீத் சிந்தனையாளர்களும் அதே தெருவில் உண்டு. 2015ஆம் ஆண்டு பல நாடுகளில் மீலாது நாள் டிசம்பர் 24ஆம் தேதி அமைந்தது. அடுத்தடுத்த இரு நாட்களில் இரு தூதர்களின் பிறப்பு நினைவுகூரப்பட்டது. மவ்லிதை ஏற்பவர்களுக்கு அது மகிழ்ச்சியான தற்செயல்.

இன்னொரு காரணம் கிறிஸ்துமஸின் உட்பொருள். கடவுள் மனிதரானார் என்பதைத்தான் நள்ளிரவுத் திருப்பலியில் கிறிஸ்தவர்கள் கொண்டாடுகிறார்கள். அதை ஒரு நபியின் பிறந்தநாள் விழாவாக மாற்றி நாமும் சேர்ந்துகொள்வது, நம் நம்பிக்கைக்கும் பொருந்தாது, அவர்கள் நம்பிக்கைக்கும் மரியாதை ஆகாது.

வாழ்த்துச் சொல்லலாமா?

ஆண்டுதோறும் வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை மூட்டும் கேள்வி இது. கூடாது என்போர் பக்கத்தில் பெரிய பெயர்கள் இருக்கின்றன. 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம், பிற சமயத்தாரின் தனிப்பட்ட சமயச் சடங்குகளுக்காக வாழ்த்துவது கூடாது என்று கடுமையாக எழுதினார். 2001இல் மறைந்த சவூதி அறிஞர் இப்னு உஸைமீனும் அதை வழிமொழிந்தார். அவர்களுடைய வாதம் எளியது: வாழ்த்துவது என்பது அந்த நம்பிக்கையை ஒப்புக்கொள்வதாகும். ஒரு சமூகத்தாருக்கு ஒப்பாக நடப்பவர் அவர்களைச் சேர்ந்தவரே என்ற ஹதீஸையும் எடுத்துக்காட்டுவார்கள்.

ஆகும் என்போரில் எகிப்தின் ஃபத்வா அமைப்பான தாருல் இஃப்தாவும், 2022இல் மறைந்த யூசுஃப் அல் கர்ளாவியும் இருக்கிறார்கள். உங்களோடு போரிடாத, உங்களை வீடுகளைவிட்டு வெளியேற்றாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்ற 60:8 வசனமே அவர்களுக்கு அடிப்படை. உங்களுக்கு ஒரு முகமன் கூறப்பட்டால் அதைவிட அழகியதைக் கொண்டோ, அதையேனுமோ திருப்பிக் கூறுங்கள் என்று 4:86 சொல்வதையும் அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள்.

என் கருத்து இரண்டாவது பக்கம் சாய்கிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாள் காலையில் வாசலில் நின்று "பெருநாள் வாழ்த்துகள், பாய்" என்று கை குலுக்கும் கிறிஸ்தவர், முஹம்மது நபியை இறைத்தூதர் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாக நாம் ஒருபோதும் நினைப்பதில்லை. அவருடைய வாழ்த்துக்கு நாம் தராத பொருளை நம்முடைய வாழ்த்துக்கு மட்டும் ஏன் ஏற்ற வேண்டும்? வாழ்த்தைத் தவிர்க்கும் முஸ்லிமையும் வெறுப்பாளர் என்று முத்திரை குத்தக் கூடாது. அவர் ஒரு பழைய சட்டக் கருத்தைப் பேணுகிறார், அவ்வளவுதான். அவரும் விசாரித்து, நலம் கேட்டு, விடுமுறை நன்றாகக் கழியட்டும் என்று சொல்லலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கு மட்டும் எந்த மத்ஹபிலும் (இஸ்லாமியச் சட்ட மரபிலும்) ஆதாரம் தேட முடியாது.

கிறிஸ்துமஸ் விருந்தில் சாப்பிடலாமா?

முறுக்கு, அதிரசம், சீயம் போன்ற பலகாரங்களில் சிக்கல் ஏதும் இல்லை. கறி என்று வரும்போதுதான் ஆராய வேண்டும். வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு உங்களுக்கு ஆகுமானது என்று 5:5 சொல்கிறது. ஆனால் இன்றைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்த வட்டத்துக்குள் வருவார்களா என்பதில் மத்ஹபுகள் மாறுபடுகின்றன. கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில், இஸ்ராயீல் வழிவராதவர்களின் முன்னோர் மிகப் பழங்காலத்திலேயே அந்த வேதத்தை ஏற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு; பிற்காலத்தில் கிறிஸ்தவர்களான குடும்பங்கள் அதில் அடங்க மாட்டார்கள். ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அந்த வம்ச நிபந்தனை இல்லை. ஆனால் அறுக்கும்போது இறைவனின் பெயர் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நடைமுறையில் நம் பக்கத்தில் இந்தச் சட்டச் சிக்கல் பெரும்பாலும் சந்தையிலேயே தீர்ந்துவிடுகிறது. கிறிஸ்தவ வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பில் கொதிப்பது, விடியற்காலையில் கறிக்கடை பாய் அறுத்துக் கொடுத்த கறியாகவே இருப்பதுண்டு. "கறி எந்தக் கடையில் வாங்கினது, அக்கா?" என்று கேட்பதில் இருவருக்கும் கூச்சம் தேவையில்லை, நம்மை விருந்துக்கு அழைப்பவர்கள் அதை எதிர்பார்த்தே பதில் வைத்திருப்பார்கள்.

பன்றி இறைச்சியும் மதுவும் எந்நிலையிலும் ஆகாது. கிறிஸ்துமஸ் கேக்கில் கவனம் தேவை; பிளம் கேக்குக்கான உலர்பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைப்பது பழைய முறை. பேக்கரிகள் பலவற்றில் பழச்சாற்றில் ஊறவைத்துச் செய்கிறார்கள் என்றாலும் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. வீட்டுக்கு வந்த கேக்கை ஐயத்தின் பேரில் குப்பையில் போடுவதைவிட, வாங்கும்போதே பணிவாகக் கேட்டுவிடுவது மேல்.

அன்பளிப்பைப் பொறுத்தவரை, எகிப்தின் கிறிஸ்தவ ஆட்சியாளர் முகவ்கிஸ் அனுப்பிய பரிசுகளை நபிகள் நாயகம் ஏற்றுக்கொண்டது வரலாறு. ஆகவே பக்கத்து வீட்டுத் தட்டை வாங்கிக்கொள்ளலாம். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது செட்டிநாட்டுப் பழக்கமும் அன்று.

வீட்டில் ஸ்டார் கட்டலாமா? மரம் வைக்கலாமா?

வேண்டாம் என்பதே ஏறத்தாழ எல்லா ஆலிம்களின் பதிலும். ஸ்டாரும் மரமும் குடிலும் ஒரு வீடு கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறது என்பதற்கான அடையாளங்கள். பிள்ளைகள் கேட்டு அழுதால், எதிர் வீட்டு ஸ்டாரைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும். நம் வீட்டு விளக்குகளுக்கு ரமலான் மாதம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா கொடுக்கும் மிட்டாயைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

தேவாலயத்துக்குள் போகலாமா? ஓரியூருக்குப் போவது?

நண்பரின் திருமணத்துக்கோ, துக்கத்துக்கோ, பார்வையிடவோ செல்வதை ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். உருவங்கள் உள்ள இடத்துக்குள் நுழைவதை விரும்பாதவர்களும் உண்டு. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனாப் பள்ளிவாசலிலேயே தங்கள் முறைப்படி தொழ அனுமதிக்கப்பட்டதாகப் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஜெருசலேம் சரணடைந்தபோது கலீஃபா உமர், அங்கிருந்த கல்லறைத் தேவாலயத்துக்குள் தொழாமல் வெளியே தொழுதார் என்றும், தாம் தொழுத இடம் என்று காரணம் காட்டிப் பின்னால் வருபவர்கள் அதைப் பள்ளிவாசலாக்கிவிடக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம் என்றும் கூறப்படுகிறது.

திருப்பலியில் பங்குகொள்வதும், அப்பம் பெறுவதும், சிலுவை அடையாளம் இடுவதும் வணக்கச் செயல்கள். அவற்றில் முஸ்லிம் சேர முடியாது. சேர வேண்டும் என்று குருக்களும் எதிர்பார்ப்பதில்லை. திருமுழுக்குப் பெறாதவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபை நற்கருணை வழங்குவதும் இல்லை.

1693இல் கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கு, தேவகோட்டை வழியாகப் பல சமயத்தாரும் போகிறார்கள். வரலாற்றிடமாகப் பார்த்து வருவது ஒன்று. அங்குள்ள செம்மண்ணை எடுத்து வந்து நோய்க்குப் பூசுவதும் நேர்த்திக்கடன் வைப்பதும் வேறு. அவை முஸ்லிமுக்கு ஆகாதவை. தர்காக்களில் நேர்ச்சை செய்வதையே கண்டிக்கும் ஆலிம்கள் இதை அனுமதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

முஸ்லிம் கடைக்காரர் கிறிஸ்துமஸ் பொருட்களை விற்கலாமா?

துணி, பலகாரம், மளிகை, மின்விளக்கு போன்றவற்றை விற்பதில் தடையில்லை. சிலுவை, சுரூபம் போன்ற வணக்கப் பொருட்களை விற்பதைப் பெரும்பாலான ஆலிம்கள் தடுக்கிறார்கள். ஸ்டார் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடைக்காரர்கள் தத்தம் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்கிறார்கள்.

நான் கிறிஸ்தவர். முஸ்லிம் நண்பரை வீட்டுக்கு அழைத்தால் அவருக்குச் சங்கடமாகுமா?

அழையுங்கள். பூசைக்குப் பிந்திய விருந்துக்கு அழைப்பது இருவருக்கும் எளிது. கறி எங்கு வாங்கியது என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். மேசையில் ஒயின் வைக்கும் வழக்கம் இருந்தால், அவர் போனபின் வைத்துக்கொள்ளுங்கள். மது பரிமாறப்படும் பந்தியில் அமர்வதையே எங்கள் மார்க்கம் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன் நீங்கள் செபிக்கும்போது அவர் அமைதியாக இருப்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வர மறுத்தாலும் காரணம் நீங்களாக இருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் ஒரு டப்பாவில் பலகாரம் கொடுத்தனுப்புங்கள்.

கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் என் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வேடம் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். பல குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியதே அந்தப் பள்ளிகள்தான். ஆகையால் இதை மோதலாக்கத் தேவையில்லை. நபிமார்களை நடித்துக் காட்டுவதைச் சுன்னி ஆலிம்களும் எகிப்தின் அல் அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையமும் தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார்கள். குழந்தை இயேசுவுக்கு வழக்கமாகப் பொம்மைதான் வைப்பார்கள் என்றாலும், மர்யமாக நடிப்பதையும் மரியாதை கருதித் தவிர்ப்பதே நல்லது. யோசேப்பு குர்ஆனில் இல்லாதவர். நபி என்ற தடை அவருக்கு இல்லை. ஆனால் நாடகத்தின் முடிவில் அவரும், இடையர்களும், மூன்று ராஜாக்களும் தொட்டிலின் முன் மண்டியிட்டு வணங்குவார்கள்; அந்த வணக்கம்தான் நமக்குச் சிக்கல். ஏரோது மன்னன் வேடத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, வசனமும் அவனுக்கு அதிகம். ஆனால் அதற்குப் போட்டி பலமாக இருக்கும்.

கதை சொல்பவராகவும், ஒளி, ஒலி, திரை, அரங்க அலங்காரம் ஆகியவற்றிலும் பிள்ளை மனநிறைவோடு பங்கெடுக்கலாம். சேர்ந்திசைப் பாடல்களில், இயேசுவைக் கடவுளாக விளித்துப் பாடும் அடிகளுக்கு வாயசைக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பாசாங்கு கற்றுக்கொடுப்பதைவிட, அந்தப் பாடலிலிருந்து விலக்குக் கேட்பது நேர்மையானது. வேடங்கள் பங்கிடப்பட்டு ஒத்திகை தொடங்கியபின் போய் நின்றால் ஆசிரியருக்குத் தொல்லை. நவம்பரிலேயே வகுப்பாசிரியரைப் பார்த்து, எது முடியும், எது முடியாது என்பதைப் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.